டிஷ்யூ கன்றில் முடிக்கொத்து: ஆய்வகம் நமக்கு எதுவரை துணை வரும்?

விளைக்காரன் (திருவட்டாறு)

எல்லாருக்கும் வணக்கம். ஓணத்துக்குக் குலை வெட்டணும்னு கணக்குப் போட்டு, ஐப்பசி முதல் வாரம் 45 சென்டு பாட்டத்துக்கு எடுத்து ஏத்தன் வாழை வச்சேன். பக்கக்கன்று வாங்காம, இந்தத் தடவை டிஷ்யூ கல்ச்சர் கன்று 450 வாங்கினேன். விற்றவர், "லேப்ல வளர்ந்த கன்று, நோயே வராது, எல்லாம் ஒண்ணுபோல குலை தள்ளும்"னு சொன்னார். கூட்டுறவுச் சங்கத்துல எடுத்த கடனாக்கும் இதுல போட்டது.

மார்கழி கடைசியில வீட்டுக்காரி தண்ணி விட்டுட்டு வந்து, "சில வாழை மட்டும் வெளிறிப்போய், இலையெல்லாம் கம்புபோல நிமிந்து நிக்குது"ன்னா. போய்ப் பார்த்தேன். புது இலை குறுகலா, ஓரம் மஞ்சளா, எல்லாம் உச்சியில கொத்தா அடைஞ்சு கிடக்கு. பாட்டா காலத்துல இதைக் கூம்படைப்புன்னு சொல்லுவாங்க. முடிக்கொத்துன்னு சொல்ற வைரஸ் நோய்தான். நேற்று எண்ணினேன், 61.

பக்கத்து விளைக்காரர் "அது மரபணு மாத்தின கன்று, அதான் இப்படி"ங்கிறார். மச்சான் "விஞ்ஞானம் எல்லாம் ஏமாத்து"ங்கிறான். எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். குற்றம் கன்றுலயா, விற்றவர்கிட்டயா, என் விளையிலயா? இன்னொண்ணு, இந்த ஆய்வகச் சமாசாரம் நம்மளைப்போல சென்டுக் கணக்குல விவசாயம் பண்றவனுக்கு உண்மையிலேயே எவ்வளவு உதவும்?

லேப்_தங்கச்சி (மார்த்தாண்டம்)

அண்ணே, படிச்சதும் மனசு கஷ்டமாயிட்டு. நான் வாழை டிஷ்யூ கல்ச்சர் கூடத்துல நாலு வருஷம் வேலை பார்த்தவ. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல, டிஷ்யூ கன்று மரபணு மாற்றின கன்று இல்லை. நல்ல தாய்வாழையோட கிழங்குல இருந்து ஒரு கன்று எடுத்து, அதை உரிச்சு உரிச்சு உள்ளே இருக்குற வெள்ளை முனையை மட்டும் வெட்டி எடுப்போம். அதைச் சத்து கலந்த பசையில பாட்டிலுக்குள்ள வச்சா பக்கத்துல சின்னச்சின்ன முளை விடும். அதைப் பிரிச்சு அடுத்த பாட்டில், மறுபடி பிரிச்சு அடுத்த பாட்டில். தாய் என்னவோ அதுதான் பிள்ளையும். புதுசா எந்த மரபணுவும் உள்ளே போகல. நம்ம பாட்டா கன்று பிரிச்சு நட்டதையே ரொம்பச் சின்ன அளவுல, சுத்தமான அறைக்குள்ள செய்யிறதுதான்.

அதனால ரெண்டு விஷயம் நடக்கும். பக்கக்கன்றோட சேர்ந்து வர்ற கிழங்கு வண்டும் நூற்புழுவும் இதுல வராது, ஏன்னா மண்ணே கூட வரல. இது பெரிய லாபம். ஆனா தாய்வாழைக்குள்ள வைரஸ் இருந்தா, அது முளையிலயும் இருக்கும். ஒரு தாய்ல இருந்து நூத்துக்கணக்குல பெருக்குறோம், அப்போ ஒரு நோயையும் நூத்துக்கணக்குல பெருக்கினதாகும். அதனாலதான் பெருக்குறதுக்கு முந்தியே தாய்வாழையை எலிசா, பிசிஆர்னு சொல்ற ஆய்வகச் சோதனை பண்ணி வைரஸ் இல்லைன்னு உறுதி செய்யணும். மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-ல இதுக்குன்னே ஒரு தேசியச் சான்றளிப்பு முறை கொண்டுவந்தது. அங்கீகாரம் உள்ள கூடத்துல சோதிச்ச கன்றுக்குச் சான்றுச் சீட்டு உண்டு. உங்க பில்லுல தொகுதி எண் இருக்கா? சீட்டு தந்தாங்களா?

"நோயே வராது"ன்னு சொன்னது தப்பு, அண்ணே. நோய் இல்லாத கன்று வேற, நோயை எதிர்க்குற கன்று வேற. டிஷ்யூ கன்று முதல் வகை மட்டும்தான். இந்த வைரஸைப் பரப்புற அசுவினிங்கிற சின்னப் பூச்சி வந்து உட்கார்ந்தா மத்த வாழைபோலத்தான் இதுக்கும் தொத்தும்.

இப்போ ஒரு காரியம் கேட்கிறேன், தயவுசெஞ்சு பாத்துச் சொல்லுங்க. 61 கன்றும் எங்கெங்க நிக்குது? ஒரு பக்கமா, சிதறியா? ஒவ்வொண்ணும் எத்தனையாவது இலையில கோளாறு காட்டிச்சு? வைரஸ் ஏறினதும் உடனே தெரியாது, அதுக்குப் பிறகு குறைஞ்சது ரெண்டு மூணு புது இலை விடணும். அதனால நட்ட உடனே வந்த இலையிலேயே கோளாறு இருந்தா அது நர்சரியிலிருந்து வந்தது. நாளாகி வந்திருந்தா விளையில வந்து தொத்தினது.

இயற்கைவழி_மேல்புறம்

தங்கச்சி சொல்றது சரியா இருக்கலாம். ஆனா இந்த வழியில ஒரு அடி வச்சா அடுத்த அடி எங்க போகும்னு நாம யோசிக்கணும். பருத்தியில நடந்ததைப் பாருங்க. 2002-ல பிடின்னு மரபணு மாத்தின பருத்திக்கு அனுமதி குடுத்தப்போ காய்ப்புழு பிரச்சினை தீந்துதுன்னாங்க. எட்டு வருஷத்துல, 2010-ல, குஜராத்துல இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பிடியைத் தாங்கிக்கிச்சுன்னு அதை விற்ற நிறுவனமே ஒத்துக்கிட்டது. பிறகு ரெண்டு மரபணு வச்ச இரண்டாம் தலைமுறையும் அதே புழுகிட்டத் தோத்தது. வருஷாவருஷம் கலப்பின விதையை விலைக்கு வாங்கியே ஆகணும்ங்கிற நிலைமை மட்டும் அப்படியே நின்னுட்டு. நம்ம வாழைக்கன்று காசு கொடுத்து வாங்குற பொருளா இருந்ததே இல்லை. அக்காவீட்டு விளையில இருந்து தம்பி வீட்டுக்குப் போகும். மட்டி, செந்துளுவன், ரசகதளி, பேயன், பாளையங்கோடன், துளுவன்னு ஒரு விளையிலேயே ஏழெட்டு வகை நின்ன ஊரு இது. கூடத்துல எது அதிகமா விக்குமோ அதைத்தான் பெருக்குவாங்க. மத்ததெல்லாம் நம்ம கண் முன்னாலேயே போயிரும்.

நாஞ்சில்_வயல் (பூதப்பாண்டி)

தம்பி மேல்புறம், உங்க கவலை எனக்கும் உண்டு. ஆனா எல்லாத்தையும் ஒரே கயிற்றுல கட்டக் கூடாது.

எனக்கு வயசு அறுபத்தெட்டு. வயல்தான் பிழைப்பு. நம்ம திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்த டிபிஎஸ் 1 நெல்லை யோசிச்சுப் பாருங்க. அது ஐஆர் 8-ஐயும் நம்ம கட்டிச்சம்பாவையும் சேர்த்து எடுத்தது. வெளியூர்க் குட்டைநெல் ஒரு பக்கம், எங்க அப்பா விதைச்ச நெல் மறுபக்கம். நாஞ்சில்நாட்டு மண்ணுக்கு அது பொருந்தினதுக்கு அந்த மறுபக்கமும் காரணம்னு நான் நம்புறேன். கட்டிச்சம்பாவை அன்னைக்கே கைவிட்டிருந்தா கலக்க என்ன இருந்திருக்கும்?

அடுத்தது, வெள்ளம் தாங்கும் நெல். ஒடிசாவுல எஃப்ஆர் 13 ஏன்னு ஒரு பழைய நாட்டு நெல். விளைச்சல் குறைவு, ஆனா பயிர் முழுக்க முங்கினாலும் ஏறக்குறைய ரெண்டு வாரம் தாங்கும். தாங்க வைக்குற மரபணுவைக் கண்டுபிடிச்சு, அதுக்கு அடையாளம் வச்சுக்கிட்டு, சாதாரணமா ரகத்தோட ரகம் கலக்குற முறையிலேயே தலைமுறை தலைமுறையா வடிகட்டி ஸ்வர்ணா நெல்லுக்குள்ள கொண்டுவந்தாங்க. 2009-ல நம்ம நாட்டுல வெளியிட்டாங்க. நம்ம பக்கத்து சிஆர் 1009-க்கும் அதே குணத்தைக் கொண்டுவந்தாங்க. வேறொரு உயிர்ல இருந்து எதையும் ஊசிபோடல. நெல்லுல இருந்த குணம் நெல்லுக்கே போச்சு. ஆய்வகம் செஞ்சது, எந்த நாத்துல அந்தக் குணம் இருக்குன்னு வெள்ளம் வர்றதுக்கு முந்தியே இலையைச் சோதிச்சுச் சொன்னது. பத்து வருஷ வேலையைப் பாதியாக்கிச்சு.

ஆனா எல்லையும் சொல்றேன். அந்தத் தாங்கும் சக்தி பயிர் இலைப்பருவத்துல இருக்கும்போதுதான். கும்பப்பூ நெல் போகத்துக்கு நட்டு ஒரு மாசத்துல ஐப்பசி, கார்த்திகை மழையில முங்கினா அது கை கொடுக்கும். 2021 நவம்பர்ல நாங்க முங்கினோமே, அதுபோல. கதிர் முத்தி சாஞ்ச பிறகு தண்ணி நின்னா எந்த மரபணுவும் காப்பாத்தாது, நெல் கதிர்லயே முளைச்சிரும். அப்போ வேண்டியது தூர் வாரின கால்வாய். எங்க குளத்துக்கு மறுகால் அடைஞ்சு கிடக்கு. அதுக்கு எந்த ஆய்வகமும் மருந்து கண்டுபிடிக்கப் போறதில்லை, கேட்டியளா.

விளைக்காரன் (திருவட்டாறு)

தங்கச்சி, இன்னைக்கு விடியக்காலம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு வரிசை வரிசையாப் போனேன். மொத்தம் 18 வரிசை, வரிசைக்கு 25. மேற்கு ஓரத்து நாலு வரிசையில மட்டும் 44. மிச்சம் 17 அங்கங்க சிதறி நிக்குது.

மேற்கு ஓரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பாழ்விளை கிடக்கு. ஒக்கி புயல் அடிச்ச வருஷம், 2017-ல, அங்க வாழையெல்லாம் சாஞ்சது. உடையவங்க வெளியூர் போயிட்டாங்க. அப்ப முளைச்ச பாளையங்கோடன் கன்றுகள் காடா மண்டிக் கிடக்கு. கம்பிவேலியைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்தேன். அங்க குலை தள்ளாம, உச்சி கொத்தா நிக்கிறது எத்தனையோ. ஒரு பட்டையைப் பிரிச்சேன். மண்ணை ஒட்டின அடிப்பட்டைக்குள்ள கறுப்புக் கறுப்பா அசுவினி அப்பிக் கிடக்கு, மேல எறும்பு சாரை. என் வயத்துல தீப்பிடிச்ச மாதிரி ஆச்சு. இத்தனை நாளும் பத்தடி தூரத்துல இருந்திருக்கு.

சிதறின 17-ல ஆறு கன்று நட்ட நாள்லயே சவலையா இருந்தது. மூணாவது இலையிலேயே ஓரம் வெளிறிச்சு. அப்போ உரம் பத்தலைன்னு நினைச்சு யூரியா வச்சேன்.

சான்றுச் சீட்டு எதுவும் தரல. பில்லுல தொகுதி எண் இல்லை.

லேப்_தங்கச்சி (மார்த்தாண்டம்)

அண்ணே, நீங்க எழுதி வச்ச கணக்கு ரொம்ப உதவும்.

44-க்குக் காரணம் அந்தப் பாழ்விளைதான்னு நினைக்கிறேன். ஓரத்துல அடர்த்தியா ஆரம்பிச்சு உள்ளே போகப்போகக் குறையுறது அசுவினி நடந்தும் பறந்தும் வர்ற முறை. சவலையா வந்த ஆறும் நர்சரிக் கணக்கு. மிச்சம் பதினொண்ணு ரெண்டுல எதுன்னும் சொல்ல முடியாது.

ஆனா அந்த ஆறைப் பத்தி ஒண்ணு சொல்லணும். கூடத்துல தாய்வாழையைச் சரியாவே சோதிச்சிருக்கலாம். பாட்டில்ல இருந்து வெளியே எடுத்த கன்றை நேரா விளைக்கு அனுப்ப முடியாது. வேரும் இலையும் வெயிலுக்குப் பழகணும். அதுக்கு நிழல்வலைக் கூடத்துல ரெண்டு கட்டமாப் பழக்குவாங்க. ரெண்டாவது கட்டம் பெரும்பாலும் வேற ஆளோட நர்சரியில நடக்கும். அங்க வலை கிழிஞ்சிருந்தா, பக்கத்துல வாழை நின்னா, சுத்தமா வந்த கன்று அங்கேயே நோய் வாங்கும். நான் வேலை பார்த்த இடத்துலயே இதைப் பார்த்திருக்கேன். பாட்டிலுக்குள்ள நாங்க கையுறை போட்டு, தீயில காட்டின கத்தியால வெட்டி, மூச்சுக்கூடப் பார்த்து விடுவோம். அதே கன்று, வேற ஊர்ல ஒரு கிழிஞ்ச வலைக்குக் கீழே ஒன்றரை மாசம் நிக்கும். மனசு பதறும்.

இன்னொரு எல்லை, மறுபடி மறுபடி பிரிச்சுக்கிட்டே போனா இனம் மாறின கன்றுகள் வரும். இலை திட்டுத்திட்டா, குலை கோணலா. அதனால எட்டு சுற்றோட நிறுத்தணும்னு ஒரு வரம்பு உண்டு. ஆர்டர் நிறைய வந்தா எல்லாரும் அங்கேயே நிறுத்துவாங்களான்னா, என்னால சத்தியம் பண்ண முடியாது.

இப்போ செய்ய வேண்டியது. தயவுசெஞ்சு எடுத்த எடுப்புல பிடுங்கிடாதீங்க. பிடுங்கினா அசுவினி எல்லாம் அடுத்த வாழைக்குப் போயிரும். முதல்ல அந்தக் கன்றுகள்லயும் சுத்தியும் அசுவினியைக் கொல்லணும். மருந்தும் அளவும் வேளாண்மை அலுவலர்கிட்டக் கேட்டு வாங்குங்க. பிறகு கிழங்கோட தோண்டி, துண்டு துண்டா வெட்டிக் காயவிடுங்க. ஒரு கண்ணு மிச்சமிருந்தாலும் முளைக்கும், அதுவும் நோயோடதான் முளைக்கும். வைரஸ் மண்ணுல தங்காது, அது ஒரு ஆறுதல். அதுக்குப் பிறகு வாரம் ஒருக்கா எல்லா வாழையையும் பாருங்க. இலைக்காம்பையும் நடுநரம்பையும் கீழே இருந்து வெயிலுக்கு எதிரா பிடிச்சுப் பார்த்தா, கரும்பச்சைப் புள்ளியும் கோடுமா விட்டுவிட்டு இருக்கும். கொத்து ஆகுறதுக்கு முந்தியே தெரியும்.

மரச்சீனி_அக்கா (குழித்துறை)

நான் வாழைக்காரி இல்லை, மரச்சீனிதான், மரவள்ளிக்கிழங்கு. ஆனா கதை ஒண்ணுதான். எங்க விளையில தேமல் நோய் வந்து இலை சுருண்டு, பிடுங்கினா கிழங்கு விரலளவு. வெள்ளை ஈ பரப்புதுன்னு சொன்னாங்க. ஆனா உண்மையில நாங்களே பரப்பிக்கிட்டு இருந்தோம். "நல்ல கம்பு, நல்லா வேகும்"னு நாத்தனாருக்கு ஒரு கட்டு, சித்திக்கு ஒரு கட்டு. அந்தக் கம்புலதான் நோய் போச்சு.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துல கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, 1963-ல இருந்து. தேமல் தாங்குற ரகங்கள் அங்க இருந்து வந்திருக்கு. ஸ்ரீ பத்மநாபாங்கிற ரகம் நைஜீரியாவுல இருந்து கொண்டுவந்த வகைன்னு வகுப்புல சொன்னாங்க. தாங்குற கம்பு ஒண்ணு எனக்கும் கிடைச்சு நட்டேன். இலை பச்சைப்பசேல்னு நின்னுச்சு, ஒரு சுருக்கம் இல்லை. பத்தாம் மாசம் பிடுங்கி வேக வச்சேன். எங்க மண்ணுல அது மாவா உடையல. மீன்கறியோட வச்சப்போ வீட்டுல யாரும் ரெண்டாவது தடவை கேட்கல. சந்தையிலயும் ஆள் மோந்து பார்த்து, "எந்தக் கிழங்கு?"ன்னு கேட்டுத்தான் எடுக்கிறாங்க.

இப்போ பாதி விளையில அந்த ரகம், மாவுக்கும் ஆட்டுக்கும். மறுபாதியில பழைய கம்புதான், ஆனா சுருக்கம் இல்லாத செடியில இருந்து மட்டும் நானே பார்த்து வெட்டுறேன். சொந்தக்காரங்க கேட்டாலும் பார்க்காமக் கொடுக்குறதில்லை. ஆய்வகத்துக்காரங்க நோயைப் பார்க்குறாங்க, சரி. எங்க அடுப்பையும் ஒருக்கா வந்து பார்க்கணும்.

குலசேகரம்_ரப்பர்

இயற்கைவழி அண்ணன் சொன்ன "ஒரே வகை" பயம் ரப்பர்ல ஏற்கெனவே நடந்து முடிஞ்ச கதை. இதுல மரபணு மாற்றம் ஒண்ணும் இல்லை, வெறும் ஒட்டுக்கட்டுதான். ஆர்ஆர்ஐஐ 105-ங்கிற ரகம் நல்லாப் பால் தருதுன்னு மலைமுழுக்க அதையே வச்சோம். ஒரு மரத்துக்குப் பட்டையில வர்ற பிங்க் நோய் பிடிச்சா, அடுத்ததும் அதே மரம்தான். இப்போ 414, 430 ரகங்களும் வந்து கொஞ்சம் கலந்திருக்கு.

மரபணு மாற்றின ரப்பரும் உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது. கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துல உருவாக்கி, 2021 ஜூன்ல அஸ்ஸாம்ல குவாஹாத்தி பக்கத்துல சோதனைக்கு நட்டாங்க. ரப்பர்ல இருந்தே எடுத்த ஒரு மரபணுவைக் கூடுதலா வேலை செய்ய வச்சது. அங்கத்திக் குளிரைத் தாங்கணும்ங்கிறதுக்காக. நமக்குக் குளிர் ஒரு பிரச்சினையா? நமக்கு மழையில இலை கொட்டுறதும், பால்வெட்டு ஆள் கிடைக்காததும், விலையும்தான். நல்ல ஆராய்ச்சிதான், வேற ஊர் நோவுக்கு.

இயற்கைவழி_மேல்புறம்

ரப்பர் அண்ணன் சொன்னது எனக்குப் பிடிச்சிருக்கு. தங்கச்சிகிட்ட ஒரு கேள்வி. வாழையில மரபணு மாற்றம் வந்திட்டா, வரல்லியா? இப்போ "திருத்தம்"னு வேற ஒரு சொல் பேசுறாங்களே?

லேப்_தங்கச்சி (மார்த்தாண்டம்)

வந்திருக்கு, இங்க இல்லை. ஆஸ்திரேலியாவுல கியூகேவ் 4-ன்னு ஒரு வாழைக்கு 2024 பிப்ரவரியில அனுமதி கிடைச்சது. பனாமா வாடல்ங்கிற பூஞ்சை நோயோட புது வகையான டிஆர் 4-ஐத் தாங்க, காட்டு வாழையில இருந்த மரபணுவைக் கேவண்டிஷ்ங்கிற வாழை வகைக்குள்ள வச்சது. வாழைக்கு இது ஏன் வேணும்னா, நாம சாப்பிடுற வாழைக்கு விதை கிடையாது. நெல்லுபோல ரகத்தோட ரகம் சுலபமா கலக்க முடியாது. இந்த இடத்துல மரபணு மாற்றத்துக்கு ஒரு நியாயம் இருக்குன்னு நான் நினைக்கிறேன். நீங்க ஒத்துக்கணும்னு இல்லை.

திருத்தம்ங்கிறது வெளி மரபணு எதுவும் தங்காம, உள்ளே இருக்குறதையே ஒரு இடத்துல மாத்துறது. 2022-ல மத்திய அரசு அந்த வகைக்குச் சில கடுமையான விதிகள்ல இருந்து விலக்கு கொடுத்தது. 2025 மே மாசம் அப்படித் திருத்தின ரெண்டு நெல் ரகம் அறிவிச்சாங்க, கமலா, பூசா டிஎஸ்டி 1. ஆனா மரபணு மாத்தின பிடி கத்தரிக்காயை 2010 பிப்ரவரியில நிறுத்தினது நிறுத்தினபடி இருக்கு. மரபணு மாத்தின கடுகு விவகாரம் 2024 ஜூலையில உச்ச நீதிமன்றத்துல ரெண்டு நீதிபதியும் ரெண்டு விதமாத் தீர்ப்பு சொன்னதோட நிக்குது.

விதை உரிமைக்கு ஒரு தைரியம் சொல்றேன். 2001-ல வந்த பயிர் ரகங்கள், விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட ரகமா இருந்தாலும் நம்ம விளைச்சல்ல இருந்து விதை எடுத்து வைக்கலாம், நடலாம், மாத்திக்கலாம், விற்கவும் செய்யலாம். அவங்க பிராண்டு பேர் போட்டு விக்கக் கூடாது, அவ்வளவுதான். நம்ம மட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. பேர் பதிஞ்சாச்சு, ஆனா நோயில்லாத மட்டிக் கன்று எங்க கேட்டாலும் கிடைக்கணுமே. கீழ்ப்பழனி மலையில விருப்பாச்சி வாழை இதே முடிக்கொத்துல அழியப் பார்த்தது. சோதிச்ச தாய்வாழையில இருந்து டிஷ்யூ கன்று எடுத்துத்தான் மறுபடி நட்டாங்க. மட்டிக்கும் அப்படி வேணும். இயற்கைவழி அண்ணன் விளையில சுத்தமான மட்டித் தாய் நின்னா, பெருக்க அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

இயற்கைவழி_மேல்புறம்

நிக்குது. மூணு மூடு. மேடுல, தனியா, சுத்தி வேற வாழை இல்லாத இடம். வந்து பாருங்க, சோதிக்கத் தர்றேன். ஆனா பெருக்கின கன்றுல ஒரு பங்கு இந்த ஊர்க்காரங்களுக்குத் திரும்பி வரணும், அதை எழுதித் தரணும்.

விளைக்காரன் (திருவட்டாறு)

நாலு நாள் கழிச்சு எழுதறேன்.

61-ம் எடுத்தாச்சு. அலுவலர் வந்து பார்த்தார், அசுவினிக்கு அடிச்ச பிறகு தோண்டினோம். எடுக்கும்போது மேற்கு ஓரத்துல இன்னும் அஞ்சுல கோடு தெரிஞ்சது, வீட்டுக்காரிதான் வெயிலுக்குப் பிடிச்சுக் கண்டுபிடிச்சா. அதையும் சேர்த்தா 66. மிச்சம் 384 நிக்குது.

பாழ்விளை உடையவங்களை ஃபோன்ல பிடிச்சேன். கோபமாப் பேசத்தான் நினைச்சேன், அந்த அம்மா குரலைக் கேட்டதும் முடியல. "மக்கா, நீயே வெட்டிக்கோ, அந்த இடத்துல என்ன வேணும்னாலும் நட்டுக்கோ"ன்னாங்க. ஞாயித்துக்கிழமை பக்கத்து விளைக்காரர், மச்சான், நான், மூணு பேரும் இறங்குறோம். மண்வெட்டி உள்ளவங்க யாராவது வந்தா நல்லா இருக்கும். கிழங்கு நிறைய இருக்கு.

விற்றவர்கிட்டயும் போனேன். நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, ஆறு கன்றுக்கு மட்டும் கேட்டேன். 44-க்குக் கேட்கல, அது அவர் குற்றம் இல்லை. முதல்ல மறுத்தார். மூணாவது இலைக் கணக்கைச் சொன்னதும் பேசாம இருந்துட்டு ஆறு கன்று எடுத்து வச்சார். நான் வாங்கல. சான்றுச் சீட்டு உள்ள தொகுதி வந்தா சொல்லுங்கன்னு நம்பர் கொடுத்துட்டு வந்தேன்.

மேல்புறம் அண்ணே, அந்த மட்டி மூட்டைப் பார்க்க நானும் வரலாமா? தங்கச்சி வர்ற அன்னைக்கே வர்றேன். மேற்கு நாலு வரிசை இப்போ காலியாக்கும்.